படகு எண்ணை வைத்து கணக்கு எண்ணைக் கொண்டுவருவது எப்படி?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வியாபாரிகள் சிலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். எக்செல் ஃபைலில் இரண்டு ஷீட். ‘ஏலம்’ ஷீட்டில் ஏ-யில் படகு எண், பி-யில் மீன், சி-யில் தொகை. ‘படகு’ ஷீட்டில் ஏ-யில் படகு எண், பி-யில் உரிமையாளர் பெயர், சி-யில் வங்கிக் கணக்கு எண். ஏலத்தின் ஒவ்வொரு வரிக்கும் பெயரும் கணக்கு எண்ணும் டி, இ நெடுவரிசைகளில் வந்து உட்கார வேண்டும். கடலுக்குப் போய் வந்தவர் பணம் இன்னொருவர் கணக்கில் விழக்கூடாது.

விலுக்அப் (பட்டியலில் தேடி மதிப்பைக் கொண்டுவரும் எக்செல் ஃபார்முலா) போதாதா என்று கேட்பார்கள். படகு கைமாறி, பட்டியலில் பெயரை மாற்றினால், போன மாத ஏலத்திலும் புதியவர் பெயர் ஏறிவிடும். மேக்ரோவில், அதாவது எக்செலுக்கு நாம் எழுதித் தரும் சிறு நிரலில், லூப் (வரி வரியாகத் திரும்பத் திரும்ப ஓடும் ஆணை) எழுதிய மதிப்பு எழுதியபடியே நிற்கும். அதனால்தான் எனக்கு லூப்.

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். மேக்ரோ செய்ததை கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது. ஆல்ட், எஃப்11 அழுத்தி, இன்சர்ட் மெனுவில் மாட்யூல் எடுங்கள்; மேக்ரோவை எழுதும் இடம் அதுதான். வரி எண்ணுக்கான மாறிகளை (மதிப்பை வைத்திருக்கும் பெயர்களை) ‘லாங்’ என்று அறிவியுங்கள். ‘இன்டிஜர்’ 32,767-ஐத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடும்.

வெளி லூப், ஐ என்ற மாறியில், ஏலத்தின் 2-ஆம் வரியிலிருந்து கடைசி வரை. ஏ காலியாக இருந்தாலோ, டி-யில் ஏற்கெனவே பெயர் இருந்தாலோ அந்த வரியைத் தாண்டிவிடச் சொல்லுங்கள். உள் லூப், ஜே மாறியில், படகு ஷீட்டின் 2 முதல் கடைசி வரை. இரண்டு எண்ணும் ஒன்றானால் பெயரையும் கணக்கு எண்ணையும் எழுது, குறிப்புக்கான எஃப் நெடுவரிசையைக் காலி செய், உடனே ‘எக்ஸிட் ஃபார்’ என்று உள் லூப்பை விட்டு வெளியேறு. இந்தக் கடைசி ஆணை இல்லாவிட்டால், ஒரே எண் பட்டியலில் இரு முறை இருக்கும்போது பின்னால் உள்ளது முன்னதை அழித்துவிடும். உள் லூப் முடிந்தும் டி காலி என்றால் எஃப்-இல் ‘பட்டியலில் இல்லை’ என்று எழுதுங்கள்.

சரி, உண்மையான வேலை ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. ஒருவர் எண்ணுக்கு நடுவே கோடு போடுவார், இன்னொருவர் இடைவெளி விடுவார், மூன்றாமவர் சின்ன எழுத்தில் அடிப்பார். கண்ணுக்கு ஒரே படகு, எக்செலுக்கு மூன்று படகு. ‘ரீப்ளேஸ்’ கொண்டு கோட்டையும் இடைவெளியையும் நீக்கி, ‘யூகேஸ்’ போட்டுப் பெரிய எழுத்தாக்கி, அப்புறம் ஒப்பிடுங்கள். இரு பக்கமும் செய்ய வேண்டும். ரீப்ளேஸ் தருவது எப்போதும் டெக்ஸ்ட் என்பதால், ஒரு ஷீட்டில் நம்பராகவும் மற்றதில் டெக்ஸ்ட்டாகவும் கிடக்கும் எண்களும் பொருந்திவிடும்.

கணக்கு எண்ணில் தனிக் கவனம் வேண்டும். எக்செல் நம்பரில் 15 இலக்கம் வரைதான் சரியாக நிற்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யமும் போய்விடும். படகு ஷீட்டின் சி-யில் எண்களை அடிக்கும் முன்பே அதை டெக்ஸ்ட்டாக வையுங்கள். ஏலத்தின் இ-யையும் மேக்ரோ ஓடும் முன்னே டெக்ஸ்ட்டாக்குங்கள்.

ஓடியதும் எஃப்-இல் ஃபில்டர் போட்டு ‘பட்டியலில் இல்லை’ வரிகளைப் பாருங்கள். படகுக்காரரிடமே கேட்டு, பட்டியலில் சேர்த்து, மறுபடி ஓட்டிய பிறகுதான் வங்கிக்கு அனுப்ப வேண்டும்.