புகார் மனுவில் தீர்வையும் எழுதுங்கள்: கல்லூரியில் பாகுபாட்டுக்கு ஆளான மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் புகார் மனுக்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. பெரும்பாலான மனுக்களில் நடந்தது மூன்று பக்கத்துக்கு விரிவாக இருக்கும். கடைசி வரியோ "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிந்துவிடும். தக்கது எது என்பதை நிர்வாகத்திடமே விட்டுவிட்டால், பெரும்பாலும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு கோப்பு மூடப்படும். மாணவர் இழந்த மதிப்பெண்ணோ வருகைப்பதிவோ விடுதி அறையோ திரும்பி வராது. மாற்றுத்திறன் காரணமாகவோ பாலினம் காரணமாகவோ பாகுபாட்டுக்கு ஆளான ஒருவர், இந்தியாவில் உள்ள ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ யாரிடம், எதைக் கேட்டு, எத்தனை நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

பள்ளிகளைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவராகவும் நடந்தது பாலியல் குற்றமாகவும் இருந்தால், அது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் வரும். அறிந்தவர் எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தலைமையாசிரியர் அறையில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

முதல் படி: எந்தக் கதவைத் தட்டுவது

பாலியல் துன்புறுத்தல் என்றால், கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் செல்ல வேண்டும். மாணவர்களைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த ஒழுங்குமுறைகளே இதற்கு அடிப்படை. குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகள் மூவரும் அமர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் உள்ள குழுப் பட்டியலில் துறைத் தலைவர் பெயர் இருந்தால், மனுவில் அதையும் ஓர் ஆட்சேபமாகக் குறிப்பிடுங்கள்.

துன்புறுத்தல் அல்லாத பாலினப் பாகுபாடு என்றால், அதே மானியக் குழு 2023இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி அமைந்த மாணவர் குறைதீர் குழுவிடம் செல்லலாம். மகப்பேற்றுக்காக வராத நாள்களைக் காட்டித் தேர்வு எழுத விடாமல் தடுப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாணவியர் விடுதிக்கு மட்டும் மாலை ஆறரை மணிக் கட்டுப்பாடு இருந்தால், 2015 ஒழுங்குமுறைகளையே எடுத்துக்காட்டலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர் விடுதியில் இல்லாத பாரபட்சமான விதிகளை மாணவியர் விடுதியில் மட்டும் விதிக்கக் கூடாது என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. இந்த வரியைப் படித்த விடுதிக் காப்பாளர் ஒருவரையாவது சந்திக்க எனக்கு ஆசை.

மாற்றுத்திறன் சார்ந்த புகாருக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உண்டு. எந்தக் கல்லூரியானாலும் மாணவர் குறைதீர் குழுவிடமோ, நேரே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ போகலாம்.

இரண்டாம் படி: நாளும் பொழுதும் குறித்துவைப்பது

உள்ளகப் புகார்க் குழுவுக்கு, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து வடிவில் புகார் போக வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம் என்றாலும், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியுமாறு படமெடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அசல் உரையாடலை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

மூன்றாம் படி: இழந்ததைத் திரும்பக் கேட்பது

இந்தப் படியில்தான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவருக்குப் பார்வைக் குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, எழுத்துத் தேர்வில் அவருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம் ஆகிறது. கண்காணிப்பாளர் மூன்று மணி முடிந்ததும் விடைத்தாளை வாங்கிவிட்டார். "கண்காணிப்பாளர் மீது நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதினால், கண்காணிப்பாளருக்கு ஒரு குறிப்பாணை போகும். மாணவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. மனுவின் முடிவுப் பகுதி இப்படி இருக்கட்டும்:

"எனக்குரிய 60 நிமிடக் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டதால், மேற்படித் தாளை உரிய நேரத்துடனும் சொல்வதை எழுதுபவருடனும் மீண்டும் எழுத அனுமதிக்க வேண்டும். மறுதேர்வு இயலாது எனில், நேரம் போதாமல் விடுபட்ட பகுதிக்கு ஈடு எவ்வாறு செய்யப்படும் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனி வரும் தேர்வுகளுக்கு எனக்குரிய நேரத்தைக் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் முன்கூட்டியே ஆணை வழங்க வேண்டும்."

இரண்டாவது வாக்கியம் வீணாகச் சேர்த்ததன்று. 2021ஆம் ஆண்டு நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள மாணவி ஒருவருக்கு இதே கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர் ஒருவருக்காக மறுதேர்வு நடத்த நீதிமன்றம் ஆணையிடவில்லை. ஆனால், அநீதி நடந்திருக்கிறது என்பதால், அதைச் சரிசெய்ய என்ன வழி என்று ஒரு வாரத்துக்குள் பரிசீலிக்குமாறு நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமைக்கு அந்த நவம்பரில் உத்தரவிட்டது. முதல் தீர்வு மறுக்கப்பட்டாலும் இரண்டாவதற்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

மாற்றுத்திறன் மனுக்களில் அடிக்கடி எழும் இன்னொரு சொல் "நியாயமான ஏற்பாடு". நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை ஏற்படாமல் செய்துதரக்கூடிய மாற்றம் என்பது அதன் பொருள். அதை மறுப்பதையே பாகுபாடு என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. நான் பார்த்த ஒரு கல்லூரியில், சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு வகுப்பு இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லை. "தோழிகள் தூக்கிக்கொண்டு போகிறார்களே" என்றார் முதல்வர், கொஞ்சம் பெருமையாகவே. மின்தூக்கிக்கு நிதி ஒதுக்கக் கேட்டிருந்தால் மனு ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டோம். கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை மாற்றி எழுதியதோடு வேலை முடிந்தது.

பாலியல் துன்புறுத்தல் புகாரில், விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். துறை ஆசிரியர்தான் எதிர்மனுதாரர் (அதாவது, புகாருக்கு உள்ளானவர்) என்றால் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் தேர்வுத் தாளையோ அக மதிப்பீட்டையோ அவர் கையாளக் கூடாது என்பதுதான். பிரிவு மாற்றம், 3 மாதம் வரை விடுப்பு, அவர் உங்களை அணுகக் கூடாது என்ற எச்சரிக்கை ஆகியவற்றையும் ஒழுங்குமுறைகள் அனுமதிக்கின்றன. இறுதியில் இழப்பீடும் உண்டு. மனவேதனை, படிப்பிலும் வேலையிலும் நழுவிய வாய்ப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு அது முடிவு செய்யப்படும் என்பதால், மருத்துவமனை ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள்.

நான்காம் படி: கொடுத்ததற்குச் சான்று

மனுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: விசாரணைக் காலம்

உள்ளகப் புகார்க் குழு 7 நாளுக்குள் எதிர்மனுதாரருக்குப் பிரதி அனுப்ப வேண்டும்; அவர் 10 நாளுக்குள் பதில் தர வேண்டும்; விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும்; அடுத்த 10 நாளுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்குப் போவதோடு உங்களுக்கும் ஒரு பிரதி வர வேண்டும். இந்தத் தேதிகளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் "சமாதானமாகப் போகலாமே" என்ற பேச்சு வரும். நீங்கள் விரும்பிக் கேட்டாலன்றிச் சமரசம் கிடையாது. பணம் கொடுத்து முடிப்பதற்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை. நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்கள் என மிரட்டுவோரும் உண்டு. ஆதாரம் போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் அப்படிச் செய்ய முடியாது.

ஆறாம் படி: முடிவு சரியில்லை என்றால்

உள்ளகப் புகார்க் குழுவின் பரிந்துரையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு இல்லாதபோது நிர்வாகம் அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பரிந்துரையைச் செயல்படுத்த வேண்டும். மாணவர் குறைதீர் குழு 15 வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் பரிந்துரைத்தால், நிறுவனம் 3 மாதத்துக்குள் செய்ததைச் சொல்ல வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை அவருக்கும் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

கெடு முடிந்த மறுநாளே, "இன்ன தேதியில் வந்த பரிந்துரையின் இரண்டாம் பத்தி இன்னும் செயல்படுத்தப்படவில்லை" என்று நான்கு வரியில் ஒரு நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட நேர்ந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்களில் முத்திரையிட்ட அந்தக் கடிதமும் ஒன்று.