தாயில்லாப் பூனைக்குட்டியை வளர்ப்பது எப்படி: பாலுக்கு முன் சூடு

கண் திறக்காத குட்டி ஒன்று தனியே கத்திக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் ஆபத்து ஏதும் இல்லாதவரை, இரண்டு மணி நேரமாவது எட்ட நின்று கவனியுங்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டியின் உடல் சில்லிட்டிருந்தாலோ காயம் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் பாலைத்தான் தேடுகிறார்கள். குட்டிக்கு முதலில் வேண்டியது சூடு. குளிர்ந்த உடலில் குடல் இயங்காது என்பதால், அப்போது புகட்டும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி மறுபாதிக்கு ஊர்ந்து செல்ல இடம் வேண்டும். வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும். அதுவரை பால் கூடாது.

பசும்பாலில் லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை அதிகம், புரதமும் கொழுப்பும் குட்டிக்குப் போதாது, வயிற்றுப்போக்கில்தான் முடியும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

புகட்டுவதற்கு ஊசியில்லாத சிரிஞ்சைவிடச் சிறிய பாட்டிலையே நான் விரும்புவேன், ஏனெனில் சிரிஞ்சில் வேகத்தைத் தீர்மானிப்பது நம் கட்டைவிரல், பாட்டிலில் குட்டியின் நாக்கு. ஆனால் பாட்டிலின் ரப்பர்க் காம்பு பெரும்பாலும் துளையில்லாமலே வரும். கத்தரியால் நறுக்கினால் துளை பெரிதாகிவிடும் என்பதால், பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்தி, பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்: பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஒழுகினால் அந்தக் காம்பை எறிந்துவிடுங்கள். அதிகப்படியான பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். கைவளர்ப்புக் குட்டிகள் பல இப்படித்தான் சாகின்றன. அதே காரணத்தால், கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்திப் புகட்டவே கூடாது. தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே பட, தலை சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். பிறகு மூச்சில் கரகரப்புக் கேட்டால் கால்நடை மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், புகட்ட வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 4 மில்லிதான் வயிறு கொள்ளும்.

ஏறத்தாழ மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிடும் வேலையை, ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் பிறகு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்புறத்தை மென்மையாக வருடி நீங்கள் செய்ய வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் குறைகிறது என்று பொருள்.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம். நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றாலே மருத்துவரைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: தெள்ளுப்பூச்சியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சின்னக் குட்டியின் இரத்தத்தை உறிஞ்சியே தெள்ளு அதைக் கொன்றுவிடும் என்பதால் தாமதிக்க வேண்டாம், ஆனால் பல் நெருங்கிய சீப்பால் வாரி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாய்களுக்கான மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைகளுக்கு நஞ்சு.