ஜீரோ ஏ.டி.க்கு ஒரு சங்ககால மோட்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது

மோட் என்றால் ஏற்கனவே இருக்கும் கணினி விளையாட்டை மாற்றி நாம் செய்யும் புது வடிவம். சங்ககாலத்தை வைத்து அப்படி ஒன்று செய்ய, முதல் முறை நாங்கள் ஐந்து பேர் வேலூர்க் கோட்டை அகழி ஓரத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, சேரர், சோழர், பாண்டியர், அப்புறம் வேளிரில் ஏழு பேர், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு படைவகை, புது வரைபடம், புது இசை என்று நோட்டில் நான்கு பக்கம் எழுதினோம். எட்டு மாதம் கழித்துக் கையில் இருந்தது ஒரு யானையும் பாதி முடிந்த ஒரு மதில் வாசலும்தான். மாடல் செய்துகொண்டிருந்த நண்பனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் அதுவும் நின்றுபோனது. இரண்டாம் முறை வேறு மாதிரி திட்டம் போட்டோம், அது ஓடுகிறது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் போக்காதீர்கள். நாங்கள் எடுத்தது ஜீரோ ஏ.டி., பழங்கால நாகரிகங்களை வைத்து ஊர் கட்டிப் படை திரட்டி ஆடும் கணினி விளையாட்டு. அதுவே 2001-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கான ஒரு மோட் திட்டமாகத் தொடங்கி, பிறகு தனி விளையாட்டாக வளர்ந்து, 2009-இல் திறமூலமானது, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். காசு கிடையாது, லினக்ஸிலும் ஓடும். படைவகைகள் எக்ஸ்எம்எல் கோப்புகளில், நாகரிகங்கள் ஜேசன் கோப்புகளில், விதிகள் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கின்றன. எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள்தான், ஆகவே ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் இருந்தால் இன்றைக்கே கை வைக்கலாம்.

இனி முக்கியமான இடம். எத்தனை படைவகை என்று கேட்பதற்கு முன்னால், நம் மோட்டில் ஆடுகிறவர் அசல் விளையாட்டில் எடுக்காத எந்த முடிவை எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள், பதிலை ஒரே வரியில் எழுதுங்கள். எங்கள் வரி: “மாடு கவர்ந்தால் ஊர் வளரும், மாடு போனால் ஊர் தேயும்.” ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடியவர்களுக்கு எதிராளியின் ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும் சுகம் தெரியும். அங்கே அது ஆரம்ப நிமிடங்களின் சில்லறை வேலை. நம் புறத்திணையிலோ போரே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. இதை ஜீரோ ஏ.டி.யின் சிற்றூர், ஊர், நகரம் என்ற மூன்று கட்டங்களின் மேல் வைத்துப் பாருங்கள். சிற்றூரில் வெட்சியும் கரந்தையும், நகரத்தில் உழிஞையும் நொச்சியும் என்று பொருந்தி வரும். இது கிடைத்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பழைய நான்கு பக்கத்தில் பாதிக்கு மேல் தானாகவே விழுந்துவிட்டது, ஏனென்றால் இந்த ஒரு வரிக்கு உதவாத எதையும் செய்ய வேண்டியதில்லை.

அடுத்து, மோட் எந்தக் காலத்தில் நடக்கிறது என்பது. “சங்ககாலம்” என்று மட்டும் சொன்னால் சண்டை வரும், எங்களுக்குள் வந்தது. பழைய வடஆர்க்காட்டில் செங்கம் பக்கம் நிறைய நடுகற்கள் கிடைத்திருக்கின்றன, மாட்டுப் பூசலில் இறந்தவர்களுக்கு நட்டவை அவற்றில் பல. அவற்றை அப்படியே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்தக் கல்வெட்டுகள் பல்லவர் காலத்தவை, கி.பி. 6-ஆம் நூற்றாண்டு முதல் வருபவை. அசோகர் காலத்தில் நடக்கும் எங்கள் மோட்டில் அவற்றைக் கொண்டுவந்து வைத்தால் பிழை. அப்புறம் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த தமிழ்பிராமி நடுகல்லைப் பார்த்தோம், அதில் ஆநிரை கவர்தலைக் குறிக்கும் “ஆகோள்” என்ற சொல்லே பொறித்திருக்கிறது, காலத்தாலும் மிகப் பழையது. அதனால் நடுகல்லை வைத்துக்கொண்டு, செங்கத்து எழுத்தையும் சிற்ப அமைப்பையும் விட்டோம். விளையாட்டில் அது இப்படி வேலை செய்யும்: நிரை மீட்கப் போன வீரன் விழுந்த இடத்தில் ஒரு கல் எழும்பும், அருகில் நிற்கும் நம் வீரர்களுக்கு வலு கூடும். ஜீரோ ஏ.டி.யில் இந்தச் சுற்றுவலு ஏற்கனவே உண்டு, நாயகர்களுக்கு இருப்பதை எடுத்துக் கல்லுக்குக் கொடுப்பதுதான் வேலை.

இதனால்தான் சான்றுப் பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறேன். ஒரு தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, மூன்று நிறம். அகழாய்வோ கல்வெட்டோ இருந்தால் பச்சை, இலக்கியம் மட்டும் என்றால் மஞ்சள், நம் ஊகம் என்றால் சிவப்பு. சிவப்பு தப்பில்லை, அது சிவப்பு என்று ஆடுகிறவருக்கும் தெரியும்படி விளக்கக் குறிப்பில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். வரைபடத்துக்கு எங்களுக்குக் கிடைத்த அருமையான மஞ்சள் மலைபடுகடாம். செங்கண்மாவை (இன்றைய செங்கம்) ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தருக்கு மலை, காடு, தினைப்புனம், சேயாறு என்று 583 அடியில் வழி சொல்கிற பாட்டு அது. வழியில் எது எதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பதை அதிலிருந்தே எடுத்து, விளையாட்டோடு வரும் வரைபடக் கருவியான அட்லஸ் எடிட்டரில் வரைந்தோம். செங்கம் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் ஜவ்வாது மலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டும் வந்தோம்.

சரி, முதல் மாதத்துக்குள் ஆடக்கூடிய ஒன்று கையில் இருக்க வேண்டும். புது மாடல் ஒன்றுகூட வேண்டாம். மௌரியர்கள் ஏற்கனவே விளையாட்டில் இருக்கிறார்கள், வேலை யானை உட்பட. அவர்களின் உருவங்களையே இரவல் வாங்கி, ஒரு நாகரிகக் கோப்பு, நான்கு படைவகை, மாடு கைமாறும் விதி, இவ்வளவோடு ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு படைவகையும் ஒரு பொது வார்ப்பிலிருந்து குணங்களைப் பெற்றுக்கொள்வதால் மாற வேண்டியதை மட்டும் எழுதினால் போதும். விதி சுவையாக இல்லை என்றால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், எட்டு மாதம் போகாது. உருவங்கள் பிறகு ஒவ்வொன்றாக மாறட்டும்.

கோப்புகளில் ஒன்றைக் கவனியுங்கள். அசல் விளையாட்டின் முழு அடைவையும் உங்கள் மோட்டுக்குள் நகல் எடுக்காதீர்கள். அதே பாதையில் அதே பெயரில் வைக்கும் கோப்பு அசலை மறைத்துக்கொள்ளும், ஆகவே மாற்றியவை மட்டும் இருந்தால் போதும், புதுப் பதிப்பு வரும்போது எதைச் சரிபார்ப்பது என்பதும் தெளிவாகத் தெரியும். எந்தப் பதிப்புக்குச் செய்தது என்பதை மோட்டின் விவரக் கோப்பான மோட்.ஜேசனில் எழுதிவிடுங்கள்.

கணினி எதிராளியை மறந்துவிடுகிறார்கள். ஜீரோ ஏ.டி.யில் அதன் பெயர் பெட்ரா. நாம் புதிதாகச் சேர்த்த மாட்டு விதி அதற்குத் தெரியாது, அது தன் பாட்டுக்கு வயல் போட்டுப் படை திரட்டும், நாம் ஓட்டிப்போன மாட்டைத் தேடியே வராது. தனியாக ஆடுகிறவருக்கு மோட்டின் உயிரே போய்விடும். எனவே ஒவ்வொரு விதிக்கும் எதிரே “பெட்ராவுக்கு யார் சொல்லித்தருவது” என்று ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் இல்லாத விதியை ஒத்திப்போடுங்கள்.

ஆட்கள் விஷயம் வாட்ஸ்அப் குழுவில் முடியாது. ஆள் போவார், அது நிச்சயம், வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், தேர்வு வரும். ஆகவே முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டரின் மூலக்கோப்பு உட்பட எல்லாம் வாரந்தோறும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் ஏற வேண்டும். ஒருவர் போனால் அவர் செய்தது போகக் கூடாது. உரிமத்தையும் முதல் நாளே பேசுங்கள். ஜீரோ ஏ.டி.யின் நிரல் ஜிபிஎல், கலைப்பொருட்கள் சிசி பை-எஸ்ஏ. இரண்டுமே மாற்றிப் பகிர விடும், ஆனால் அதே உரிமத்தில் பகிரச் சொல்லும். சேருகிறவர் தன் வேலையையும் அதே உரிமத்தில் தருவதாக எழுதித் தந்துவிடட்டும். வேறு வணிக விளையாட்டிலிருந்து உருவிய மாடல் ஒன்று உள்ளே வந்தாலும் மோட் முழுவதையும் இணையத்திலிருந்து எடுக்க வேண்டி வரும்.

தமிழ் எழுத்தை முதல் வாரமே சோதியுங்கள். “கொற்கை”, “மூதூர்” என்று எழுதித் திரையில் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், எழுத்துருவைச் சரிசெய்ய ஆள் தேடும் வேலை இப்போதே தொடங்கட்டும்.

கடைசியாக, வெள்ளோட்டம். மோட் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆடினான். இருபது நிமிடம் வரை மாட்டைக் கவரலாம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரியே எதிராளியின் மாட்டுப்பட்டியில் மணிச் சத்தம் சேர்த்தோம், மறுநாள் சத்தம் கேட்டதும் அவனே ஆளை அனுப்பினான்.