ஃபெரெட்டுக்குக் கட்டி: அறுவையா மருந்தா என்று முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீரியைப் போன்ற சிறு செல்லப் பிராணியான ஃபெரெட்டுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து, கட்டி எந்த உறுப்பில் என்று தெரிந்த பிறகுதான் அறுவையா மருந்தா என்ற கேள்விக்கே இடம். நடுவயது ஃபெரெட்டுகளில் கணையத்து இன்சுலினோமாவும் (இன்சுலினை அதிகம் சுரந்து ரத்தச் சர்க்கரையை இறக்கும் கட்டி), சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரினல் சுரப்பியின் கட்டியும் அதிகம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

அறிகுறி மறைந்ததும் கட்டி அடங்கியதாக நம்புவது

திரும்பத் திரும்ப எரிச்சலூட்டும் தவறு இதுதான். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ரத்தச் சர்க்கரையை உயர்த்தும். சர்க்கரை இறங்கியதால் வந்த பின்னங்கால் தள்ளாட்டம், வெறித்த பார்வை, எச்சில் வடிதல் எல்லாம் நின்றுவிடும். இன்சுலினோமா மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 0.5 மி.கி. என்று தொடங்கிய அளவு மெல்ல 2 மி.கி.யை எட்டும், பிறகு இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடும் சேரும். அதுவும் போதாதபோதுதான் அறுவைப் பேச்சே எழுகிறது. அதற்குள் ஸ்டீராய்டால் தசை கரைந்து, புண் ஆறும் திறனும் குறைந்திருக்கும். அறுவையும் முழுத் தீர்வு இல்லை; கண்ணில் படாத சிறு முடிச்சுகள் மறுபடி வளரும். ஆனாலும் பல ஃபெரெட்டுகள் மாதக்கணக்கில் மருந்தில்லாமலோ குறைந்த மருந்திலோ வாழ்கின்றன. உடல் தேறியிருக்கும் ஆரம்பத்திலேயே அறுவையைப் பேசிவிடுங்கள்.

அட்ரினலிலும் இதே ஏமாற்றம்தான். 4.7 மி.கி. டெஸ்லோரெலின் பதியம் (தோலுக்கடியில் வைக்கும் மருந்துத் துண்டு) ஹார்மோனை அடக்கும், உதிர்ந்த முடி முளைக்கும். கட்டி அப்படியே இருக்கலாம், வளரவும் செய்யலாம். அதனால் ஸ்கேனை நிறுத்தாதீர்கள். இடது சுரப்பி என்றால் அறுவை எளிது. வலது சுரப்பி பெருஞ்சிரையை ஒட்டியிருப்பதால் ரத்தப்போக்கு அபாயம் பெரிது. அங்கே பதியம் நியாயமான தேர்வு. ஆணுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்தால் பதியம் வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாது. உடனே சிறுநீர்க் குழாய் போட்டாக வேண்டும்.

திசு மாதிரி எடுக்கும் முன்பே ஸ்டீராய்டு

லிம்போமா (நிணநீர்ப் புற்று) சந்தேகம் இருந்தால் கூடாது. பரிசோதனை முடிவு மங்கும். பின்னால் கீமோவுக்குக் கட்டி பணியாமலும் போகலாம்.

வீட்டுக் குளுக்கோமீட்டரை நம்பி முடிவெடுப்பது

மனிதருக்கான கருவி ஃபெரெட்டுக்குப் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். ஆய்வக அளவு வேண்டும்.

தேனோடு நிறுத்துவது

சர்க்கரை இறங்கி மயங்கினால் தேனை ஈறில் தடவலாம். விழுங்க முடிந்ததும் இறைச்சி உணவு கொடுங்கள். வெறும் இனிப்பு இன்சுலினைத் தூண்டிச் சர்க்கரையை மறுபடி இறக்கிவிடும்.

வயதைக் காட்டி அறுவையை மறுப்பது

வயதை அல்ல, இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாருங்கள்.

அறுவைக்கு முன் இரவு முழுக்கப் பட்டினி

ஃபெரெட்டின் குடல் 3–4 மணி நேரத்திலேயே காலியாகிவிடும். இன்சுலினோமா உள்ளதற்கு அதற்கு மேல் பட்டினி வலிப்பில் முடியலாம். அந்த நேரத்திலும் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றச் சொல்லுங்கள். வயிற்றைத் திறக்கும்போது கணையத்தையும் இரண்டு அட்ரினல்களையும் சேர்த்தே பார்த்துவிடும்படி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.