'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லை 'ஓடு' வழியாகக் கற்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மாணவி, ஒரு நாள் என் மாலை வகுப்புக்கு மின்னஞ்சல் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதியிருந்தது ஒரே வரி: "தி ரெட் இஸ் ரன்னிங்." சிவப்பு நிறம் அங்கே நன்றாக ஓடுகிறது, அடுத்த ஆர்டர் வரப்போகிறது என்று அவர் மகிழ்ச்சியோடு மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். வாங்கிப் படித்த மேலாளரின் முகம் மாறிவிட்டது. சிவப்புச் சாயம் கரைந்து, பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பட்டையில் இறங்குகிறது என்பதே அந்த வரி. அது ஒரு புகார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நம் கடைத்தெருவில் சரக்கு 'ஓடுகிறது' என்றால் விற்கிறது என்றுதான் பொருள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் பிரிக்கப்பட்டதாக 2011-இல் செய்தி வந்தது. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அன்றாடத்துக்கு வேண்டியவை ஒரு நோட்டில் நான்கு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவற்றில் பாதிக்கு உங்கள் 'ஓடு'வே வழிகாட்டும். மீதிப் பாதியில் அதே 'ஓடு' காலை வாரிவிடும். எது எங்கே என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடம்.

படி 1: மூன்று வடிவங்கள்

ரன், ரேன், ரன். தினமும் ஓடுகிறேன் என்றால் 'ஐ ரன்'. நேற்று ஓடினேன் என்றால் 'ஐ ரேன்'. 'ஹேவ்' சேர்ந்தால் மறுபடியும் முதல் வடிவமே வரும்: 'ஐ ஹேவ் ரன்'. 'ஐ ஹேவ் ரேன்' என்பது பிழை. 'ரன்னிங்' எழுதும்போது 'ரன்'னின் கடைசி 'என்' எழுத்து இரட்டிக்கும். இந்தப் படி இவ்வளவுதான்.

படி 2: தமிழ் 'ஓடு' அப்படியே பொருந்தும் இடங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கத்தில், மனிதரும் விலங்கும் தவிர வேறு என்னவெல்லாம் தமிழில் ஓடும் என்று எழுதுங்கள். ஆறு ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. மோட்டார் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. இத்தனைக்கும் வலப்பக்கத்தில் 'ரன்' வரும்: "தி ரிவர் ரன்ஸ் த்ரூ தி டவுன்", "தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்", "தி ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்".

பஸ் வாக்கியத்தில் 'ரன்ஸ்' என்று இருப்பதைக் கவனியுங்கள். நாள்தோறும் நடக்கும் வழக்கத்துக்கு 'இஸ் ரன்னிங்' போடுவது நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை.

படி 3: 'ஓட்டு' வரும் இடங்கள்

தானாக நிகழ்வது 'ஓடு', ஒருவர் நிகழ்த்துவது 'ஓட்டு' என்று தமிழ் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பம்ப் ஓடினாலும் 'ரன்', பம்பை நீங்கள் ஓட்டினாலும் 'ரன்'. கடை, மெஸ், பள்ளிக்கூடம் நடத்துவதும் இதில் சேரும்: "ஷி ரன்ஸ் எ மெஸ்."

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'அவர் பஸ் ஓட்டுகிறார்' என்பதை "ஹி ரன்ஸ் எ பஸ்" என்று சொன்னால், அவர் பஸ் முதலாளி ஆகிவிடுவார். ஓட்டுநருக்கு 'டிரைவ்ஸ்' என்றே சொல்ல வேண்டும்.

படி 4: 'ஓடு' கைவிடும் இடங்கள்

இதற்குத்தான் நேரம் அதிகம் ஒதுக்க வேண்டும். மூக்கு நமக்கு ஒழுகுகிறது, ஆங்கிலத்தில் ஓடுகிறது: "மை நோஸ் இஸ் ரன்னிங்." காய்ச்சல் நமக்கு அடிக்கிறது, அங்கே நோயாளி காய்ச்சலை ஓட்டுகிறார்: "ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்." தலைமுறை தலைமுறையாக வரும் சர்க்கரை நோய்க்கு "இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி".

தேர்தல் எனக்கு மிகவும் பிடித்த இடம். நம் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் அவர் நிற்கவே செய்கிறார், 'ஸ்டேண்ட்'. அமெரிக்காவிலோ அவர் ஓட வேண்டும்: "ஹி இஸ் ரன்னிங் ஃபார் மேயர்."

சாயத்துக்கு வருவோம். அந்த மாணவி மறுவாரம் சிவப்புத் துணியின் மாதிரித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை அதன்மேல் வைத்துத் தைத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, மேசையில் விரித்தோம். அரை மணி நேரம் கழித்துத் தையலைப் பிரித்தபோது, வெள்ளைத் துணியின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு மெல்ல உள்ளே படர்ந்திருந்தது. தையல் போன வழியில் மட்டும் நிறம் அடர்த்தியாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "இட் ரேன்."

ஆறு, குழாய், மூக்கு, சாயம் எல்லாமே நீரின் ஓட்டம். அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் இந்த வகையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு எதிர்த்திசையும் உண்டு. 'எனக்கு ஒன்றும் ஓடவில்லை' என்று நாம் திகைத்து நிற்பதற்கு 'ரன்' உதவாது. காலத்தை ஓட்டுவதற்கும் உதவாது.

படி 5: வால் சேரும்போது

'ரன்' பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டால் பொருள் தடம் மாறும். முதலில் 'ரன் அவுட் ஆஃப்' பழகுங்கள், வீட்டில் தினமும் வேண்டியிருக்கும். 'பால் தீர்ந்துவிட்டது' என்பதில் நமக்கு எழுவாய் பால். ஆங்கிலத்தில் பெரும்பாலும் நாம்தான் எழுவாய்: "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்." இந்தத் திருப்பம் பழகாததால்தான் பலர் 'மில்க் ஃபினிஷ்ட்' என்று நின்றுவிடுகிறார்கள்.

'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. வண்டி சுவரில் மோதுவதும் அதுவே. 'ரன் ஓவர்' வண்டி ஏற்றிவிடுவது. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவதற்கும் அதைச் சொல்வார்கள். மற்ற வால்களை எதிர்ப்படும்போது குறித்துக்கொள்ளலாம்.

படி 6: ஏற்கெனவே உங்களிடம் இருப்பவை

கிரிக்கெட் ரன்னைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு விக்கெட்டுகளுக்கு நடுவே 22 கெஜம் ஓடினால் ஒன்று. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓடாமலே நான்கு, ஆனாலும் பெயர் ரன்தான். முற்காலத்தில் குச்சியில் வெட்டுப்போட்டுக் கணக்கு வைத்ததால் ரன்னை 'நாட்ச்' என்றும் சொன்னார்கள்.

கிரானைட் கடையில் 'ரன்னிங் ஃபீட்' என்றால் அகலத்தை விட்டு, நீளவாக்கில் மட்டும் அளப்பது. புடவைக் கடையில் 'ரன்னிங் பிளவுஸ்' என்றால் புடவையோடு ஒரே துணியாகத் தொடர்ந்து வரும் ரவிக்கைத் துண்டு. இரண்டிலும் 'இடையில் அறுபடாமல்' என்ற பொருள் இருக்கிறது. ரயில் ஓட்டுநர்கள் வெளியூரில் இறங்கி ஓய்வெடுக்கும் 'ரன்னிங் ரூம்' மட்டும் வேறு வகை. ஓடும் வண்டியில் வேலை செய்பவர்கள் ரயில்வேயில் 'ரன்னிங் ஸ்டாஃப்'. அவர்களுக்கான அறை அது.

படி 7: இன்றிரவுக்கான பயிற்சி

நான்கு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். இட்லி மாவு தீர்ந்துவிட்டது. தாத்தாவுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. அத்தை ஒரு தையல் கடை நடத்துகிறார். இந்தப் புடவை நன்றாக ஓடுகிறது.

முதல் மூன்றிலும் 'ரன்' வர வேண்டும். நான்காவதில் வரக்கூடாது, அங்கே "திஸ் சாரி இஸ் செல்லிங் வெல்" என்று எழுதியிருந்தால் சரி.