நகரச் சொன்னால் நகராதீர்கள்: விளையாட்டுப் படம் எடுக்க வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் தவறு, நகர்ந்து உட்கார்ந்ததுதான். கால்பந்து ஆட்டம். இரண்டு மணி நேரம் முன்பே போய், கோல் கம்பத்துக்குப் பின்னால், விளம்பரப் பலகையை ஒட்டி ஸ்டூலைப் போட்டிருந்தேன். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பெரிய லென்ஸோடு ஒருவர் வந்தார். "நீங்க அந்தப் பக்கம் உட்காருங்களேன், இங்கே பந்து வேகமா வந்து விழும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நானும் எழுந்து மூலைக்கொடி ஓரமாகப் போய்விட்டேன். அன்றைக்கு விழுந்த ஒரே கோல் நான் விட்டுவந்த இடத்துக்கு நேர் எதிரே விழுந்தது. என் கேமராவில் இருந்தது ஒரு தடுப்பாட்டக்காரரின் முதுகு.

இடம்தான் பாதிப் படம். 1965-ல் குத்துச்சண்டை மேடையில் முகமது அலி, தன்னிடம் அடிவாங்கிக் கீழே விழுந்து கிடக்கும் சோனி லிஸ்டனைப் பார்த்துக் கத்தும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் நீல் லைஃபர், அப்போது அவருக்கு 22 வயது. படத்தை உற்றுப் பாருங்கள், அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கேமராவோடு தெரிவார். அவர் ஹெர்பி ஷார்ஃப்மன், லைஃபரைவிட மூத்தவர். அந்த நொடியில் அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. அவருக்கு நடந்தது துரதிர்ஷ்டம். நான் செய்தது தானம்.

பெரிய போட்டிகளில் புகைப்படக்காரர்களைக் கவனிக்கவென்றே ஒரு மேலாளர் இருப்பார், பல இடங்களில் இருக்கைக்கு எண்ணும் இருக்கும். போனதும் அவரிடம் பேசி, உங்கள் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். யாராவது நகரச் சொன்னால், "எனக்குக் கொடுத்த இடம் இது" என்றால் போதும். காரணம் சொல்ல ஆரம்பித்தீர்களோ, பாதி எழுந்துவிட்டதாக அர்த்தம்.

எடையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். தூரத்து ஆட்டத்தை அருகே இழுத்துக் காட்டும் 400 எம்எம் எஃப்/2.8 லென்ஸ், ஒரு காலத்தில் 5 கிலோவைத் தாண்டியது, புதிய மாடல்களில் 3 கிலோவுக்குள் வந்துவிட்டது. அதையும் மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கிதான் தாங்குகிறது. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆறடிக்காரரைப் பார்த்து மோனோபாட்டை அதே உயரத்துக்கு இழுத்துவிட்டு, ஆட்டம் முழுக்கக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். நான் நின்றிருக்கிறேன், மூன்று நாள் கழுத்து திரும்பவில்லை. உட்கார்ந்தோ மண்டியிட்டோ எடுங்கள். கீழிருந்து பார்த்தால் வீரர் உயர்ந்து தெரிவார், பின்னணிக் குப்பையும் குறையும்.

செட்டிங்கில் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: படத்தில் புள்ளி புள்ளியாக விழுமோ என்று பயந்து ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் குறைத்து, ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு இறக்கிவிடுவார்கள். முகம் தெளிவாக இருக்கும், கை கால் கலங்கிப்போகும். 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள். புள்ளியை எடிட்டர் மன்னிப்பார், கலங்கலை மன்னிக்க மாட்டார். உள்ளரங்கில் ஃபிளாஷை மறந்துவிடுங்கள். அங்கே விளக்கின் துடிப்பால் அடுத்தடுத்த ஃப்ரேம்களில் நிறமும் வெளிச்சமும் மாறினால், கேமராவில் அதற்கென்று இருக்கும் துடிப்புக் குறைப்பு வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோல் விழுந்ததும் திரையைக் குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்கு லேசில் போகவில்லை. ஒருமுறை அப்படிக் குனிந்து நிமிர்ந்தபோது, வலைக்குள் கிடந்த பந்தை எடுக்காமல், கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிக்கொண்டிருந்தார் கோல்கீப்பர். கேமராவைத் தூக்குவதற்குள் கையுறை கழன்றுவிட்டது. அன்றைய படம் அதுதான், என்னிடம் இல்லை.

அப்புறம் தண்ணீர். கழிப்பறை எங்கே இருக்கிறதோ, போனால் இடம் போய்விடுமோ என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருத்தி. வெயிலில் தலை சுற்றினால் ஃபோகஸ் எங்கே பிடிப்பது? நுழைந்ததுமே கழிப்பறையைத் தேடி வைத்துவிடுங்கள், இடைவேளையில் கூச்சப்படாமல் போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஸ்டூலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெண் எடுத்தால் வீராங்கனைகளின் படம் கண்ணியமாகத்தான் வரும் என்று நினைப்பதும் தவறுதான். நொடிக்கு 20 ஃப்ரேம் ஓடும் கேமரா எல்லாவற்றையும் எடுக்கும், உயரம் தாண்டுதலில் சங்கடமான கோணங்களையும் சேர்த்து. ஆண், பெண் வீரர்களுக்குச் சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கப்பட்ட 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே, வீராங்கனைகளையும் ஆண்களைப் போலவே படம்பிடியுங்கள் என்று ஒளிபரப்புக் குழுவினருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முகத்தில் முயற்சி தெரிகிற ஃப்ரேமைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அதைத்தான் யாராவது போடுவார்கள்.

கடைசியாக, படத்தோடு அனுப்பும் குறிப்பு, கேப்ஷன். ஆட்டம் தொடங்கும் முன் அணிப் பட்டியலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எண்ணையும் பெயரையும் நினைவிலிருந்து எழுதாதீர்கள். அவசரத்தில் ஒரு வீராங்கனையின் பெயரை அவர் அணித்தோழியின் படத்துக்குப் போட்டு அனுப்பிவிட்டேன், அப்படியே அச்சாகிவிட்டது. அடுத்த ஆட்டத்துக்குமுன் வார்ம்-அப் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் நேரே என் முன்னால் வந்தார். ஒன்றும் பேசவில்லை. திரும்பி நின்று, முதுகில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் காட்டிவிட்டு ஓடிப்போனார்.