லாராவெலில் கூகுள் லாகின்: திரும்பி வரும் முகவரியைக் கவனியுங்கள்

'கூகுள் மூலம் உள்நுழைக' பொத்தானுக்கு லாராவெலில் (பிஎச்பி மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் சட்டகம்) எழுத வேண்டிய நிரல் இருபது வரி இருந்தால் அதிகம். மீதியை சோஷியலைட் தொகுப்பு பார்த்துக்கொள்ளும். அரை நாளைத் தின்பது அமைப்புகள்தான், அதிலும் ஒரே ஒரு முகவரி: கூகுள் பயனரைத் திருப்பி அனுப்பும் ரீடைரக்ட் முகவரி.

நடப்பது இதுதான். உங்கள் தளம் பயனரை கூகுளுக்கு அனுப்புகிறது. அவர் சம்மதித்ததும் கூகுள் ஒரு தற்காலிகக் குறியீட்டைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. அதைக் கொடுத்து டோக்கன் (தகவலைப் பெறும் அனுமதிச் சீட்டு) வாங்கி, பெயரையும் மின்னஞ்சலையும் சோஷியலைட் எடுத்து வருகிறது. பயனரின் கடவுச்சொல் உங்கள் சர்வர் பக்கமே வராது.

முதலில் கூகுள் கிளவுட் கன்சோல். புது புராஜெக்ட் தொடங்கி, சம்மதத் திரையில் செயலியின் பெயரையும் தொடர்பு மின்னஞ்சலையும் நிரப்புங்கள். பயனர் வகை 'எக்ஸ்டர்னல்'. டெஸ்ட் யூசர் பட்டியலில் உங்கள் ஜிமெயிலைச் சேர்த்துவிடுங்கள் (100 பேர் வரை இடம் உண்டு). பிறகு 'வெப் அப்ளிகேஷன்' வகையில் ஓஆத் கிளையன்ட் ஐடி (கூகுளிடம் உங்கள் தளத்துக்கான அடையாளம்) உருவாக்கி, ரீடைரக்ட் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட், 8000 போர்ட், அதன்பின் ஆத்/கூகுள்/கால்பேக் (http://localhost:8000/auth/google/callback) என்று கொடுங்கள். கிடைக்கும் ஐடியையும் சீக்ரெட்டையும் அப்போதே எடுத்து வையுங்கள்.

அடுத்து லாராவெல். கம்போசரில் (பிஎச்பி தொகுப்புகளை நிறுவும் கருவி) சோஷியலைட்டை நிறுவுங்கள். ஐடி, சீக்ரெட், ரீடைரக்ட் முகவரி மூன்றையும் என்வ் கோப்பில் (.env, ரகசிய அமைப்புகள் இருக்கும் கோப்பு) போட்டு, கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சர்வீசஸ் கோப்பில் 'கூகுள்' என்ற பெயரின் கீழ் அவற்றைப் படிக்கச் செய்யுங்கள். என்வ் கோப்பை கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஏற்றிவிடாதீர்கள்.

யூசர்ஸ் டேபிளில் கூகுள் ஐடிக்கு (பயனருக்கு கூகுள் தரும் எண்) ஒரு காலம் (column, நெடுவரிசை) வேண்டும். அதை எண்ணாக வைக்காதீர்கள்: அந்த ஐடி வழக்கமாக 21 இலக்கம், டேட்டாபேஸின் பெரிய எண் வகையான பிக் இன்ட் 19 இலக்கத்தோடு நின்றுவிடும். ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), யுனீக் (திரும்ப வராதது), நல்லபிள் (காலியாக இருக்கலாம்) என்று வையுங்கள். பாஸ்வேர்ட் காலமும் நல்லபிள் ஆக வேண்டும். யூசர் மாடலின் ஃபில்லபிள் பட்டியலில் (மொத்தமாக நிரப்ப அனுமதித்த காலங்கள்) புதுக் காலத்தைச் சேர்க்க மறந்தால், பிழை எதுவும் காட்டாமல் ஐடி சேமிக்கப்படாமலே போகும்.

ரூட் (route, எந்த முகவரிக்கு எந்த நிரல் என்ற விதி) இரண்டு. முதலாவது பயனரை கூகுளுக்கு அனுப்புவது. இங்கே ரிட்டர்ன் எழுதாவிட்டால் வெற்றுப் பக்கம்தான். இரண்டாவது கால்பேக்: சோஷியலைட்டிடம் யூசரை வாங்கி, கூகுள் ஐடியைக் கொண்டு தேடி, இல்லையென்றால் புதிதாகப் பதிந்து, லாகின் செய்துவிடுவது. இரண்டும் வெப் ரூட் கோப்பில் இருக்கட்டும். ஏபிஐ ரூட் கோப்பில் செஷன் (பயனரை நினைவில் வைக்கும் தற்காலிகப் பதிவு) கிடையாது.

இனி பிழைகள். 'ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' வந்தால் என்வ் கோப்பில் உள்ளதும் கன்சோலில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கூகுள் ஒத்துக்கொள்ளாது.

'இன்வேலிட் ஸ்டேட்' கொஞ்சம் தந்திரமானது. ஸ்டேட் என்பது கூகுளுக்கு அனுப்பும்போது செஷனில் வைத்து, திரும்பி வரும்போது ஒப்பிடும் மதிப்பு. லாராவெலின் உள்ளூர் சர்வரைத் தொடங்கும் ஆர்டிசன் சர்வ் கட்டளை காட்டும் முகவரி 127.0.0.1. அதைத் திறந்து லாகின் செய்தால் செஷன் குக்கி அந்தப் பெயரில் அமர்கிறது. கூகுள் திருப்பி அனுப்புவதோ லோக்கல்ஹோஸ்டுக்கு. பிரவுசருக்கு இவை இரண்டும் வேறு தளங்கள், குக்கி கூட வராது. பிரவுசரிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறந்தால் சரியாகிவிடும். கால்பேக் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலும் இதே பிழை வரும், ஏனென்றால் ஸ்டேட் மதிப்பு ஒருமுறைதான் செல்லும். இணையத்தில் பலர் 'ஸ்டேட்லெஸ்' போடச் சொல்வார்கள். போடாதீர்கள், அது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு திறந்துகொண்டது என்பது போல: போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சோதனையே போய்விடும்.

விண்டோஸில் 'கர்ல் எரர் 60' வந்தால் பிஎச்பிக்குச் சான்றிதழ்க் கோப்பு கிடைக்கவில்லை. அதைப் பதிவிறக்கி, பிஎச்பியின் php.ini அமைப்புக் கோப்பில் பாதையைக் கொடுங்கள்.

லைவ் சர்வருக்குப் போகும்போது எச்டிடிபிஎஸ் முகவரியை கன்சோலில் சேர்த்து, என்வ் கோப்பிலும் மாற்றி, கான்ஃபிக் கேஷை (சேமித்து வைத்த பழைய அமைப்பை) அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் பயனர்கள் உங்கள் பழைய லோக்கல்ஹோஸ்டைத் தேடிப் போவார்கள்.